வாழை சாய்ந்த திசை

முதல் நாள், புதன்

காந்திபுரத்தில் சத்தி பஸ் ஏறும்போது மணி பதினொன்று. அன்னூர் வரைக்கும் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு வெயில். புளியம்பட்டி நெருங்கும்போது சாலையோரத்து வேப்பமரத்தின் மேல் ஒரு தகரக் கூரை மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மரத்தில் கிளை ஒடிந்த அடையாளம்கூட இல்லை. கூரையைப் பறிகொடுத்த டீக்கடை நாற்பது ஐம்பது அடி தள்ளி மொட்டையாக நின்றது. கடைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை அடிச்ச காத்து" என்றார் பக்கத்து சீட்டு அம்மா, நான் கேட்காமலே.

அந்தக் காற்றுதான் என்னையும் இந்த பஸ்ஸில் ஏற்றியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாமா போன் பண்ணினார். "கண்ணு, காத்து போட்டுட்டுப் போயிருச்சு." அவ்வளவுதான். எத்தனை மரம், எவ்வளவு நட்டம் என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றரை ஏக்கர் நேந்திரன் வாழை, தார் முற்றிக்கொண்டிருந்த தோட்டம், இன்னும் இருபது நாளில் வெட்டு என்பது எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டார். சத்தியமங்கலத்துக்குக் கிழக்கே, பவானி ஆற்றை ஒட்டிய ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துக்கம் விசாரிக்கப் போகிறவள் டைரி எழுதுவாளா என்று கேட்டால், எனக்குக் காற்றுக் கிறுக்கு பிடித்து சில வருடங்கள் ஆகின்றன. ஓக்லஹோமா மாநிலத்தில் மூர் என்ற ஊரில் அக்கா இருக்கிறாள். அவள் பிரசவத்துக்குத் துணையாக ஏப்ரல், மே இரண்டு மாதமும் அங்கே இருந்தேன். அமெரிக்கா முழுக்க ஆண்டுக்கு 1,200 டொர்னாடோ, அதாவது தரையைத் தொட்டுச் சுழலும் காற்று, போல உண்டாகிறது. அவற்றில் பேர்போனவை சில இந்த ஊரை மட்டும் முகவரி தெரிந்து தேடி வந்திருக்கின்றன: 1999, 2003, 2010, 2013. 1999 மே 3 அன்று வந்ததை நடமாடும் ரேடார் வைத்து அளந்தார்கள். மணிக்கு சுமார் 480 கிலோமீட்டர் வேகம். 2013 மே 20 அன்று வந்தது 24 பேரைக் கொன்றது. அவர்களில் ஏழு பேர் பள்ளிக்கூடத்தில் இருந்த குழந்தைகள்.

அக்கா வீட்டில் கார் நிறுத்தும் இடத்தின் தரையில் ஒரு இரும்பு மூடி உண்டு. அதைத் தள்ளினால் கீழே ஆறு பேர் நெருக்கி உட்காரும் இரும்புப் பெட்டி. ஒருநாள் மாலை சங்கு ஊதியது. பிறந்து பத்தொன்பது நாளான குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கினோம். அத்தான் செல்போனில் டிவி வைத்தார். வானிலைக்காரர் மேகத்தின் பெயரையோ காற்றழுத்தத்தையோ பேசவில்லை, தெருப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். நம்மூரில் பஸ் நிறுத்தம் சொல்வதுபோல. எங்கள் தெருவின் பெயர் வருமா வராதா என்று காத்திருந்த அந்த நாற்பது நிமிடத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை, பண்ணாரி அம்மனுக்கு ஒரு கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. வரவில்லை. வடக்கே எங்கோ போய்விட்டது. மேலே ஏறி வந்தால் எதிர்வீட்டுக்காரர் புல்தரையில் நின்று வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெயர்த் தகராறை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நம் பத்திரிகைகள் கடலில் உருவாகும் புயலையும் சூறாவளி என்கின்றன, டொர்னாடோவையும் சூறாவளி என்கின்றன, வாழையைச் சாய்க்கும் கோடைக் காற்றையும் அப்படியே எழுதுகின்றன. மூன்றும் மூன்று. கடல்புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தோடு நாள்கணக்கில் நகரும். டொர்னாடோ இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொட்டுச் சுழலும் தூண். பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான், பத்து நிமிடம் தாங்குவதே அதிகம். மூன்றாவது என்னவென்று பார்க்கத்தான் மாமா தோட்டத்துக்குப் போகிறேன்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். மாமா ஆசாரத்தில் உட்கார்ந்திருந்தார். "வா சாமி. சாப்பிட்டுட்டுப் படு, தோட்டத்தைக் காலையில பாத்துக்கலாம்" என்றார். இருட்டில் பார்ப்பதற்கு அவருக்கு மனசில்லை என்று புரிந்தது. அத்தை அரிசிம்பருப்பு செய்திருந்தார்கள். யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாம் நாள், வியாழன்

விடிகாலையில் அத்தை வாசல் தெளிக்கும் சத்தத்தில் எழுந்தேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

இட்டேரி வழியே தோட்டத்துக்கு நடந்தோம். கிளுவை வேலி தாண்டியதும் மாமா நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன். ஆயிரத்து ஐந்நூறு வாழை இருந்த இடத்தில் முந்நூறு நின்றால் அதிகம். மற்றதெல்லாம் படுத்திருந்தது. பச்சைத் தார்கள் மண்ணில் புதைந்து, நாலு நாள் வெயிலில் தண்டு கறுத்துப் புளித்த வாடை. வாழையை மரம் என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர அது இலைமட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்ட தண்டு, அதற்குள் வைரம் கிடையாது. வேரும் ஆழம் போகாது. தலையில் பன்னிரண்டு, பதினைந்து கிலோ தாரையும் ஏற்றிவிட்டால், சும்மாவே முட்டுக்கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். காற்றடித்தால் இலையைக் கிழியவிட்டுக் காற்றை வழிய விடுகிறதே, அது ஒன்றுதான் வாழை தனக்குச் செய்துகொள்ளும் காவல்.

அறுநூறு மரத்துக்கு மாமா மூங்கில் முட்டு வைத்திருந்தார். பல இடத்தில் மூங்கில் அப்படியே நின்றது. மரம் முட்டுக்கு மேலே கழுத்தில் முறிந்திருந்தது. "முட்டு நின்னுக்கிச்சு, மரம் போயிருச்சு பாத்தியா" என்று வேலி ஓரத்திலிருந்தே சொன்னார்.

"எவ்வளவு நேரமுங் மாமா அடிச்சுது?"

"எவ்வளவு நேரம், ஒரு டீ குடிக்கற நேரம். மலைப்பக்கம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. சில்லுனு ஒரு காத்து. மழைதான் வருதுன்னு மாட்டைக் கட்டுத்தறிக்கு ஓட்டிட்டுத் திரும்பறேன், படபடன்னு சத்தம். பட்டாசு வெடிச்ச மாதிரி. எல்லாம் மரம் முறியற சத்தம் கண்ணு. அப்புறம் ஆலங்கட்டி. அப்புறம் ஒண்ணுமே இல்லை, நட்சத்திரம் தெரியுது."

இனி என் கிறுக்கு. விழுந்த மரங்களின் திசையைக் குறிக்க ஆரம்பித்தேன். செல்போனில் திசைகாட்டி இருக்கிறது. காற்று இல்லாமல் வாழை தானாகச் சாய்ந்தால் தார் தொங்கும் பக்கமாகத்தான் சாயும். இங்கே தார் எந்தப் பக்கம் இருந்தாலும் எல்லாமே கிழக்குப் பார்த்து, சீப்பால் வாரியதுபோல ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. சரி, மேல்காற்று. ஆனால் ஓடைக்கு வடக்கே இருக்கும் பங்காளி தோட்டத்துக்குப் போனால் அங்கே எல்லாம் வடக்கே தலை வைத்திருந்தன. ஓடைக்குத் தெற்கே ஒரு மஞ்சள் காட்டு வரப்பில் பத்துப் பதினைந்து வாழை, தெற்கே. ஓடைக்கு மேற்கே நின்ற இரண்டு தென்னை, மேற்கே. மத்தியானம் வரைக்கும் அலைந்து ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் அம்புக்குறிகளாகப் போட்டேன். போட்டு முடித்துப் பார்த்தால், ஓடைக்கரையில் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் அம்புகள் விரிந்து போகின்றன. காலையில் அத்தை வாளித் தண்ணீரை வாசலில் விசிறி ஊற்றியபோது அது தரையில் மோதி எல்லாப் பக்கமும் ஓடியது போலவே.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. தெட்சுயா ஃபுஜிதா என்ற ஜப்பானியர். 1945-இல் அவர் கொக்குரா நகரில் இருந்தார். நாகசாகியில் விழுந்த குண்டு முதலில் கொக்குராவுக்குத்தான் குறிக்கப்பட்டிருந்தது, வானம் தெளிவாக இல்லாததால் விமானம் திரும்பிவிட்டது. ஆகாயத்தின் மூட்டத்தால் பிழைத்த மனிதர் வாழ்நாள் முழுக்க மேகத்தைப் படித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. குண்டு விழுந்த இடங்களுக்குப் போய் மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்தார். நடுவிலிருந்து நட்சத்திரம்போல வெளியே விரிந்து கிடந்தன. பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1975-இல் நியூயார்க்கில் இறங்க வந்த ஒரு விமானம் இடிமழையில் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தபோது, அந்தப் பழைய நட்சத்திரம் அவர் நினைவுக்கு வந்தது. மேகத்திலிருந்து காற்று நேராகக் கீழே விழுந்து, தரையில் மோதி, வெளிப்பக்கமாகச் சிதறுகிறது என்றார். முதலில் பல பேர் நம்பவில்லை.

விஷயம் இதுதான். இடிமேகம் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கும். உள்ளே இருக்கும் மழையும் ஆலங்கட்டியும் இறங்கும்போது வழியில் உள்ள காய்ந்த காற்றில் கொஞ்சம் ஆவியாகும். ஆவியானால் காற்று குளிரும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல. குளிர்ந்த காற்று கனக்கும். கனத்தது மொத்தமாக விழும். மாமா சொன்ன அந்த சில்லென்ற காற்றுதான் விழுந்த காற்றின் முதல் விரல். டொர்னாடோவாக இருந்திருந்தால் அம்புகள் வெளியே விரியாது. போன பாதையை ஒட்டி இரு பக்கத்து மரங்களும் உள்ளே பார்த்து, முறுக்கினாற்போல, ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்.

டொர்னாடோவுக்கு எஃப்-0 முதல் எஃப்-5 வரை தரம் போட்டதும் இதே ஃபுஜிதாதான், 1971-இல். 2007-இலிருந்து அமெரிக்கா அதைத் திருத்தி ஈ.எஃப் என்று வைத்திருக்கிறது. அந்தத் தரம் காற்றை அளந்து போடுவதில்லை. காற்று போன பிறகு எது உடைந்தது, எப்படி உடைந்தது என்று பார்த்து வேகத்தைக் கணிப்பது. ஓடு பறந்தால் ஒரு தரம், கூரையே போனால் இன்னொரு தரம், நன்றாகக் கட்டிய வீடு அடித்தளம் மட்டும் விட்டுத் துடைத்துப் போனால் ஐந்து, அதாவது மணிக்கு 322 கிலோமீட்டருக்கு மேல். இப்படியெல்லாம் அளவுகோல் போட்ட மனிதர் தன் கண்ணால் ஒரு டொர்னாடோவைப் பார்த்தது 1982-இல்தான். அதுவரைக்கும் விழுந்து கிடந்ததை மட்டுமே வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்.

காலண்டரை மாமாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப இது சுத்துன காத்து இல்லை, விழுந்த காத்து" என்றார். விழுந்த காத்து. இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குச் சேதம் கணக்கெடுக்க வந்தார்கள். 33 சதவீதமும் அதற்கு மேலும் போயிருந்தால்தான் நிவாரணக் கணக்கில் வரும். மாமாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. பங்காளி தோட்டத்தில் நூற்றுக்கு முப்பது விழுந்திருக்கிறது. அவர் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வரப்பு வரப்பாகப் போய், சாய்ந்தும் சாயாமலும் நின்றதை எல்லாம் "இதைச் சேத்துக்குங், இது நாளைக்கு விழுந்துரும்" என்று காட்டிக்கொண்டிருந்தார். பார்க்க முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். சிப்ஸ் வியாபாரி ஒருவர் விழுந்த காயைக் கேட்டு வந்தார். சொன்ன விலையை எழுதினால் மாமாவுக்குப் பிடிக்காது.

ராத்திரி வாசலில் கயிற்றுக் கட்டில். "உங்கக்கா ஊர்ல அடிக்கறது எவ்வளவு தூரம் போகும்?" என்றார் மாமா. 1925 மார்ச் 18 கதையைச் சொன்னேன். மிசௌரியில் தரையைத் தொட்டது இல்லினாய் தாண்டி இண்டியானா வரைக்கும் மூன்றரை மணி நேரம், 352 கிலோமீட்டர் போனது. நம் சேலத்திலிருந்து சென்னைக்குப் போகிற தூரம். 695 பேர் செத்தார்கள். அதைவிட மோசமானது நமக்குப் பக்கத்தில்: 1989 ஏப்ரல் 26, வங்காளதேசத்தில் தௌலத்பூர், சாட்டூரியா. சுமார் 1,300 பேர். உலகத்தில் இதுவரை ஒரே டொர்னாடோவில் இத்தனை பேர் செத்ததில்லை. நமக்குச் சித்திரை, அவர்களுக்கு பைசாக். அந்த மாதத்துக் காற்றுக்கே காலபைசாகி என்று பெயர்.

மாமா பேசாமல் இருந்தார். அப்புறம், "இத்தனை தெரிஞ்சு எதுக்கு அந்த ஊர்ல இருக்கறா? வேலை வேற ஊர்லயும் இருக்குமில்ல, வரச் சொல்லு."

"நீங்க எதுக்குங் மாமா மறுபடியும் வாழை வெக்கறீங்க?"

உள்ளேயிருந்து அத்தை சிரித்த சத்தம் கேட்டது. மாமா சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள், வெள்ளி

குடிமங்கலம் பக்கம் மாமா மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளைப் பார்த்து வரச் சொன்னார்கள். மாமா பையன் கார் ஓட்டினான். அவிநாசி, திருப்பூர், பல்லடம். திருப்பூர் நெரிசலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பல்லடம் தாண்டி கேத்தனூர் பக்கம் போனதும் காற்றாலைகள். தலை நிமிர்ந்தால் காற்றாலை, திரும்பினால் காற்றாலை. இந்த நிலத்துக்கு இத்தனை காற்று வரக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மலையே இல்லை. கேரளத்துத் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியே நெருக்கிக்கொண்டு வந்து உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று விரிகிறது. வைகாசி கடைசியில் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் ஓயாது. இந்தக் காற்றுக்கு ஒரு குணம் உண்டு: சொல்லிவிட்டு வரும், மேற்கேயிருந்து மட்டும் வரும். அதனால் இங்கே அதற்குத் தகுந்தமாதிரி வாழப் பழகிவிட்டார்கள். ஆடிக்காற்றை நம்பிக் கடன் வாங்கிக் காற்றாலை வைத்தவர்களும் உண்டு.

காற்றாலைக் காவலாளி ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தேன். காற்று ரொம்ப மிஞ்சினால் இது என்ன செய்யும்? "நின்னுக்குமுங்" என்றார். பொதுவாக நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் தாண்டினால் இறக்கையைத் திருப்பிக்கொண்டு தானே நின்றுவிடும். காற்றுக்கென்றே கட்டியது, காற்று மிகுந்தால் வேலையை நிறுத்திக்கொள்கிறது. வாழைக்கு அந்த வசதி இல்லை.

மாமா மகள் வீட்டில் கோழிப்பண்ணை. மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டபோது நேற்றைய காலண்டர் இன்னொரு தடவை விளங்கியது. கொட்டகையைக் கிழமேலாக நீளவாக்கில் கட்டுவார்கள், வெயில் உள்ளே விழக்கூடாது என்று. ஆடிக்காற்று மேற்கேயிருந்து வருவதால் கொட்டகையின் குறுகிய முகத்தில்தான் மோதும், நீளத்தில் மோதாது. "சித்திரையில வர்றது அப்படி இல்லீங். எந்தக்கட்டால இருந்து வரும்னு யாருக்குத் தெரியும்? போன வருசம் வடக்கேயிருந்து வந்து நீளவாக்குல தூக்கிருச்சு. சீட்டைப் பொறுக்க ரெண்டு காடு தள்ளிப் போனேன்." விழும் காற்றுக்குத் திசை என்று ஒன்று கிடையாது. அது எங்கே விழுகிறதோ அதற்கு நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதுதான் திசை.

திரும்பும்போது ஒரு கொறங்காட்டில் புழுதி சுருட்டிக்கொண்டு ஒரு பேய்க்காத்து எழுந்தது. பனை உயரம், உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் சுற்றிச் சுற்றி ஏறியது. சின்ன வயதில் அம்மிச்சி "துப்பு, துப்பு, விலகிப் போயிரும்" என்பார்கள். இதுவும் டொர்னாடோ இல்லை. இது வெயிலில் சூடேறிய தரையிலிருந்து மேலே கிளம்புவது, மேலே மேகமே வேண்டாம். டொர்னாடோவுக்கு மேகம் வேண்டும், அதுவும் தானே சுற்றுகிற மேகம். மாமா பையன் எப்படிச் சுற்றும் என்று கேட்டான். சோமனூர், பல்லடத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். தறிப் பட்டறையில் பாவு நூல் சுற்றிய பீம் என்ற உருளை தரையில் உருண்டுகொண்டு போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தரை ஓரம் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வேறு திசையிலும் ஓடினால் நடுவில் உள்ள காற்று அப்படித்தான் படுத்தபடி உருளும். கீழிருந்து சூடான காற்று வேகமாக ஏறும்போது அந்த பீமை நடுவில் பிடித்துத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்திவிடும். உருண்டது இப்போது நின்றபடி சுற்றும். அமெரிக்க நடுநிலத்தில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று கீழே, மேற்கு மலைகளின் காய்ந்த காற்று மேலே, அதற்கும் மேலே ஜெட் காற்று. பீம் உருள அத்தனை வசதி. நம் பக்கம் கோடையில் சூடும் ஈரமும் தாராளம், மேலே அந்த வேகமான காற்றுதான் இல்லை. அதனால் நம் மேகங்கள் பெரும்பாலும் சுற்றுவதில்லை, விழுகின்றன. இந்தியாவில் டொர்னாடோவே வராது என்று இதற்குப் பொருள் இல்லை. 1978-இல் டெல்லியில் வந்தது. 2024 மார்ச் 31 அன்று ஜல்பைகுரியில் வந்தது.

நாலாம் நாள், சனி

மூங்கில் வாங்க சத்தி போனோம், நானும் மாமா பையனும், பைக்கில். நிற்கிற முந்நூறு மரத்துக்காவது முட்டு வேண்டும். மூங்கிலை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பும்போது நாலரை மணி. காலையிலிருந்தே ஒரு இலை அசையவில்லை. திம்பம் மலைப் பக்கம் காலிஃபிளவர் மாதிரி வெள்ளையாக ஒரு மேகம் பொங்கிக்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க அதன் தலை ஒரு பக்கமாகத் தட்டையாக இழுத்துக்கொண்டது. அடி கறுத்தது.

செல்போனில் சென்னை வானிலை மையத்தின் செய்தி வந்தது: அடுத்த மூன்று மணி நேரத்தில் ஈரோடு உள்ளிட்ட மாவட்டங்களில் இடி மின்னலுடன் மழை, பலத்த காற்று. மாவட்டம் என்றால் திம்பத்திலிருந்து கொடுமுடி வரைக்கும். எந்தத் தெரு என்று சொல்ல யாருமில்லை. அக்கா ஊரில் 2013-இல் டொர்னாடோ தரையைத் தொடுவதற்குப் பதினாறு நிமிடம் முன்னாலேயே எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்தப் பதினாறு நிமிடம்தான் பல நூறு பேரைக் குழிக்குள் இறக்கியிருக்கும். விழும் காற்றுக்கு அதுவும் கஷ்டம். அது மேகத்திலிருந்து புறப்பட்டுத் தரைக்கு வரவே சில நிமிடம்தான்.

திடீரென்று சில்லென்று ஒன்று முகத்தில் அடித்தது. மாமா சொன்ன அதே சில். "வண்டியை நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். அவன் ஒரு பெரிய புளியமரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினான். நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். அங்கே ஏற்கெனவே நாலு பைக், ஒரு ஆட்டுக்காரர். நான் ஒரே பிடிவாதமாக அவனை இழுத்துக்கொண்டு எதிரில் இருந்த காங்கிரீட் கட்டடத்துப் பஞ்சர் கடைக்குள் ஓடினேன். மின்னல் உயரமான மரத்தைத்தான் தேடும், கிளை ஒடிந்தால் தலையில்தான் விழும். 1999-இல் ஓக்லஹோமாவில் இப்படித்தான் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கினால் பாதுகாப்பு என்று நம்பிப் போனவர்களில் சிலர் பிழைக்கவில்லை. பாலத்தின் இடுக்கில் காற்று இன்னும் நெருக்கிக்கொண்டு ஓடும். இதையெல்லாம் ஓடுகிற ஓட்டத்தில் சொல்ல முடியுமா? மரத்தடியில் இருந்தவர்களைக் கை காட்டிக் கூப்பிட்டேன். ஆட்டுக்காரர் மட்டும் வந்தார், ஆடுகளோடு. கடைக்காரர் ஆடுகளைப் பார்த்தார், வெளியே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆறேழு நிமிடம் இருக்கும். சாலை தெரியவில்லை. டயர் ஒன்று தானாக உருண்டு போனது. எதிரில் இருந்த ஒரு பிளக்ஸ் போர்டு சட்டத்தோடு கழன்று, பட்டம்போல ஒரு கணம் நின்று, அப்புறம் கரும்புக் காட்டுக்குள் போய்ச் சொருகியது. ஆலங்கட்டி கொட்டியது. ஆடுகள் என் காலை ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தன, நானும்தான். நின்றதும் முதலில் எழுந்தது புளிப்பும் பச்சையுமான ஒரு வாசனை, இலை அரைபட்ட வாசனை.

புளியமரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அடியில் நின்றவர்கள் துண்டைப் பிழிந்து தலையில் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். "ஏனுங் நங்கை, மரத்துக்குக் கீழேயே நின்னிருக்கலாமில்ல" என்று மாமா பையன் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

மாமா தோட்டத்தில் இன்று எதுவும் விழவில்லை. காற்று விழுந்தது ஐந்து கிலோமீட்டர் தள்ளி. அங்கே யாருடைய தோட்டமோ.

ராத்திரி பத்தரைக்கு அக்காவைக் கூப்பிட்டேன். அவளுக்கு மத்தியானம் பன்னிரண்டு. ஓக்லஹோமா பக்கம் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எச்சரிக்கைச் சங்கை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள், வானம் தெளிவாக இருந்தால். மாமாவுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். மெல்ல ஆரம்பித்து ஏறி, நின்று, நீண்டது. கட்டுத்தறியில் மாடு காதை விறைத்தது. "குழந்தை பயப்படாதா?" என்றார் மாமா. "அவனுக்கு இது பழகிப்போச்சுங் மாமா, சோறு ஊட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள் அக்கா. உண்மையில், அந்தச் சத்தத்துக்கு நடுவே "இன்னும் ஒரு வாய்" என்று அவள் கெஞ்சுவது கேட்டது.

மாமா போனை வாங்கி, "நம்மூருக்கு ஒண்ணு வாங்கி அனுப்பு கண்ணு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

காலையில் மாமாவுக்கு முன்னாலேயே தோட்டத்துக்குப் போனேன். அவர் எனக்கும் முன்னால் வந்திருந்தார். விழுந்த மரங்களைத் துண்டு போட்டுக் குவித்துவிட்டு, அடியில் பக்கக்கன்றுகள் எது தேறும் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் வனமரபியல் நிறுவனத்தில் காற்றுத் தடுப்புக்கென்றே சவுக்கு ரகம் எடுத்திருக்கிறார்கள், தோட்டத்து ஓரத்தில் வரிசையாக வைத்தால் வாழைக்கு வேகம் தணியும் என்று சொன்னேன். "எந்தப் பக்கம் வெக்கறது?" என்றார். காலண்டர் அவர் சட்டைப் பையில் நாலாக மடிந்து இருந்தது.

நாலு பக்கமும் என்றேன். அடியெடுத்து வைத்து எண்ண ஆரம்பித்தார். கிழக்கு வரப்பு நூற்றுப் பத்தடி. வடக்கில் பாதியில் நின்று, ஓடைப் பக்கத்து நிலம் பங்காளிக்குச் சொந்தம், அங்கே நிழல் விழுந்தால் அவர் சண்டைக்கு வருவார் என்றார்.

பஸ் பதினொன்றுக்கு. டீக்கடைக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள், இந்தத் தடவை மேலே நாலு மூலையிலும் மணல் மூட்டை. பழையது இன்னும் வேப்பமரத்தில்தான் இருக்கிறது.